விலகலும் விலக்கலும்
(கொள்ளைநோய்க் காலத்துப் பொதுப்பாதை ஒழுக்கம்)

தமிழ் இலக்கணம் பயிலப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் வேறுபாடுகளுள் ஒன்று தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடாகும். திருந்துதல் தன்வினை, திருத்துதல் பிறவினை. அவ்வாறே விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. ககரவொற்று ஒன்று மிகுதலால் விளையும் இச்சிறு வேறுபாடு, 2020ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பூங்காக்களிலும் கால்வாய்க் கரைகளிலும் ஓடுவோருக்கும் நடப்போருக்கும் இடையே மூண்ட பூசலை விளங்கிக்கொள்ளுதற்குப் பெரிதும் துணைபுரிவதாகும். ஓடுபவர் தாமே விலகினாரா, அன்றி நடப்பவரை விலக்கினாரா என்பதே அப்பூசலின் உயிர்நிலை.

இதுவும் ஓர் ஆராய்ச்சிக்குரிய பொருளாமோ என நம்மவர் சிலர் வினவுதல் கூடும். நம் நாட்டில் 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை தொடங்கிய ஊரடங்கின்போது வீட்டு வாயிலைக் கடத்தலே அரிதாயிருந்தமையின், பாதையில் யார் யாருக்கு வழிவிடுவது என்னும் வினா நம்மிடையே பெரிதும் எழவில்லை. இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கு மார்ச் 23ஆந் திகதி இரவு முடக்கத்தை அறிவித்த அரசு, நாளுக்கொருமுறை ஓடவோ நடக்கவோ மிதிவண்டி செலுத்தவோ வெளியே செல்லலாம் என்றும், பிறரிடமிருந்து 2 மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறரை அடி, விலகியிருத்தல் வேண்டும் என்றும் கூறியது. ஒரே மூச்சிற் கூறப்பட்ட இவ்விரண்டு விதிகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவ்விடந்தான் ஒடுங்கிய பொதுப்பாதை.

உடற்பயிற்சிக் கூடங்களும் நீச்சற் குளங்களும் அதற்கு மூன்று நாள் முன்னரே மூடப்பட்டுவிட்டன. இலண்டனிலுள்ள புசிப் பூங்காவில் 2004ஆம் ஆண்டு பதின்மூவரோடு தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய ‘பார்க்ரன்’ என்னும் சனிக்கிழமைக் காலையோட்டமும் நிறுத்தப்பட்டது. எனவே, முன்னர்க் கூடத்தினுள் இயந்திரத்தின்மீது ஓடியவரும், கூட்டமாகப் பூங்காவில் ஓடியவரும், அதுவரை ஓடியே அறியாது வீட்டுச் சிறை பொறாமற் புதிதாக ஓடப் புறப்பட்டவரும் ஒரே வேளையிற் பாதைக்கு வந்தனர். அதே வேளையில், வழக்கமாகப் பேருந்திலும் அலுவலகத்திலும் நாளைக் கழித்தோரும் குழந்தைகளுடனும் நாய்களுடனும் நடக்க வந்தனர். மக்கள் பெருகப் பாதையோ சுருங்கியது. கிழக்கு இலண்டனின் விக்டோரியாப் பூங்கா மார்ச் 25ஆந் திகதி மூடப்பட்டு ஏப்பிரல் 11 வரை திறக்கப்படாதிருந்தது. அதன் ஓரமாகச் செல்லும் றீஜன்ற் கால்வாயின் கரைப்பாதையோ பல இடங்களில் இருவர் தோளோடு தோள் செல்லுமளவு அகலமே உடையது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் நீர். நீரில் நிற்கும் படகுகளோ பலருடைய வீடுகள். பாதையிற் செல்வோரின் மூச்சு அப்படகுகளின் சன்னலிற் படும். கால்வாய்களைப் பேணும் அறநிலையம், படகில் வாழ்வோரைக் கருதி அத்தகைய இடங்களைத் தவிர்த்தல் நலம் எனப் பொதுமக்களை வேண்டிக்கொண்டமை வியப்பன்று.

ஈண்டு ஒரு சிறு புறநடை கூறுதற்கு வாசகர் இசைவாராக. 1820ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட அக்கால்வாயின் கரைப்பாதை மனிதருக்காக அமைக்கப்பட்டதன்று. படகுகளைக் கயிற்றால் இழுத்துச் சென்ற குதிரைகளுக்காக அமைக்கப்பட்டது. எதிரெதிராக இரு படகுகள் வரின் ஒரே பாதையில் இரு குதிரைகளும் இரு கயிறுகளும் சிக்குறும் அன்றோ? அதற்கு அக்காலத்தார் கண்ட வழி எளியது: ஒரு படகினர் தம் கயிற்றைத் தளரவிட்டு நீரினுள் அமிழச் செய்வர், மற்றைப் படகு அதன்மேற் கடந்து செல்லும். ஒருவர் தம் விசையைச் சற்றே இழந்தாலன்றி இருவரும் செல்லுதல் இயலாது. பாலங்களின் இரும்புத் தூண்களிலே அக்கயிறுகள் அறுத்த தடங்களை இன்றும் காணலாம். 1874இல் வெடிமருந்துப் படகொன்று வெடித்துச் சிதைத்த மக்கிள்ஸ்பீல்ட் பாலத்தில், மீண்டும் நிறுத்தப்பட்ட பழைய தூண்கள் திருப்பி வைக்கப்பட்டமையின் தடங்கள் இருபுறமும் உள்ளன.

இனி, பூசலுக்குக் காரணமாய அச்சம் எவ்வளவு மெய்ம்மையுடையது என்பதை ஆராய்வாம்.

ஓய்ந்திருக்கும் ஒருவர் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 லீற்றர் காற்றை உள்வாங்கி வெளிவிடுகின்றார். விரைந்து ஓடும்போது அவ்வளவு 60 லீற்றரையும் கடந்து செல்லும். ஓடுபவர் வாயாற் பெருமூச்செறிவர், சிலர் உமிழ்வர். மூச்சினால் நோய் பரவும் காலத்தில் இக்காட்சி நடப்பவருக்கு அச்சமூட்டியதில் வியப்பொன்றுமில்லை. 2020 ஏப்பிரலிலே, பெல்ஜியத்தவரான பேட் புளொக்கன் என்னும் காற்றியக்கப் பொறியியலாளரும் அவருடன் ஆராய்ந்தோரும் கணினியின் துணையாற் செய்த கணிப்பொன்று உலகெங்கும் பரவிற்று. ஒருவர் மற்றொருவருக்கு நேர்பின்னே செல்வாராயின், முன்செல்பவரின் மூச்சுத்துளிகள் பின்காற்றிற் சிக்கிப் பின்வருபவர்மேற் படும் என்றும், அதனைத் தவிர்த்தற்கு நடையிலே ஏறத்தாழ 5 மீற்றரும் ஓட்டத்திலே 10 மீற்றரும் இடைவெளி வேண்டும் என்றும் அது கூறியது. துறையறிஞரின் மதிப்பீட்டுக்கு உட்படுமுன்னரே வெளியிடப்பட்டமையின் அஃது அறிஞர் பலரின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதனினும் முதன்மையான குறை ஒன்றுண்டு: அக்கணிப்பு துளிகள் செல்லும் வழியைக் காட்டியதேயன்றி, அத்துளிகளால் நோய் தொற்றுமா என்பதை ஆராயவில்லை. ஆயினும் அதன் வண்ணப் படத்தைக் கண்டவர்கள் அவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை. செந்நிற முகிலொன்றை வாலாக இழுத்துக்கொண்டோடும் மனித உருவமே அவர்கள் நெஞ்சிற் பதிந்தது.

எளிய கணக்கொன்றைச் செய்து பார்ப்பாம். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீற்றரும், ஓடுபவர் 10 கிலோமீற்றரும் செல்வதாகக் கொள்க. எதிரெதிரே வரும் இருவர் ஒருவருக்கொருவர் 2 மீற்றருக்கு உட்பட்டிருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு விநாடி. ஒரே திசையிற் பின்னிருந்து வந்து கடப்பராயின் ஏறத்தாழ மூன்று விநாடி. அக்காலத்துச் சுகாதாரத் துறையினர் ‘நெருங்கிய தொடர்பு’ என வகுத்ததோ 15 நிமிடம், அதாவது 900 விநாடி. சீனாவின் 320 நகரங்களிலே 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நேர்ந்த தொற்றுக்களை ஆராய்ந்தோர், போதிய விவரங் கிடைத்த 7,324 நோயாளருள், திறந்த வெளியில் தொற்றியமை ஒரே நிகழ்ச்சியில் மட்டுமே என்றும், அதிற் சம்பந்தப்பட்டோர் இருவரே என்றும் கண்டனர். ஹெனான் மாகாணத்துச் சாங்சியூப் பகுதியிலுள்ள ஊரொன்றிலே, வூகானிலிருந்து திரும்பிய ஒருவருடன் மற்றொருவர் வெளியில் நின்று உரையாடியதால் அது நேர்ந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்றும், பதிவான தொற்றுக்களுள் வெளியில் நேர்ந்தவை நூற்றுக்குப் பத்தினும் குறைவு எனக் காட்டிற்று.

சாங்சியூ நிகழ்ச்சி உற்று நோக்கத்தக்கது. அங்கு நோயைத் தந்தது கடந்து சென்றவரின் மூச்சன்று; நின்று பேசியவரின் பேச்சு. அஃதாவது, ஓடுபவர் ஒருவர் கடந்து சென்றமைக்காக முகஞ்சுளித்த இரு நண்பர்கள், தம்முள் ஒரு மணி நேரம் அருகருகே பேசிக்கொண்டு நடந்திருப்பாராயின், அவர்கள் அஞ்சவேண்டிய ஆள் அப்போதே மறைந்துவிட்ட ஓட்டக்காரரல்லர்; பக்கத்திலிருந்த நண்பரே.

இதுகொண்டு ஓடுவோர் பக்கமே நியாயம் எனச் சிலர் முடிவு கூறினர். அறிவியல் தம்மை விடுவித்துவிட்டது. இனி யாருக்கும் வழிவிடத் தேவையில்லை என்பது அவர்கள் துணிபு. அத்துணிபு ஏற்கத்தக்கதன்று. முதலாவதாக, மேற்கூறிய முடிபுகளுட் பெரும்பாலானவை 2020 ஏப்பிரலிலே பாதையில் நடந்த முதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அறிஞருக்கே தெளிவாயிருக்கவில்லை. அன்றியும், அம்முதியவர் யார் என்பது ஓடுபவருக்குத் தெரியாது. இங்கிலாந்திலே கடும் நோயுடையோர் பலர், வீட்டை விட்டு வெளியே வரவே வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டுப் பத்து வாரம் அடைபட்டிருந்து யூன் 1ஆந் திகதியே வெளிவர அனுமதிக்கப்பட்டனர். மூன்று விநாடியில் நோய் தொற்றாது என்பது உண்மையாயினும், அம்மூன்று விநாடி அச்சம் அவருக்குண்டு. பிறர் அச்சத்தை நம் கணக்கால் அளந்து, அது மிகையென்று தள்ளும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

அச்சத்தின் வேர் நோய் மட்டுமன்று என்பதும் கருதற்பாலது. அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வேட் ஹோல் 1966இல் வெளியிட்ட நூலிலே, மனிதர் தம்மைச் சூழ வகுத்துக்கொள்ளும் இடைவெளிகளை அளந்து காட்டினார். ஒன்றரை அடி வரை நெருக்கத்தின் எல்லை. நாலடி வரை தனிமனித எல்லை. பன்னிரண்டடி வரை சமூக எல்லை. ஆறரை அடி என்னும் விதி, அதுவரை அயலார் இயல்பாக நடமாடிய இடத்தை விலக்குக்குட்பட்ட இடமாக ஒரே இரவில் மாற்றிவிட்டது. ஏர்விங் கொப்மன் என்னும் சமூகவியலறிஞர் அதற்கு மூன்றாண்டு முன்னரே மற்றொன்றை விளக்கியிருந்தார். பொதுவிடத்தில் எதிர்ப்படும் அயலார் ஒருவரையொருவர் ஒரு கணம் நோக்கி, ‘நீ இருப்பதை அறிந்தேன்; உன்னால் எனக்கோ என்னால் உனக்கோ தீங்கில்லை’ என்னுங் குறிப்பைத் தந்து, உடனே பார்வையை அகற்றிக்கொள்வர் என்பது அவர் கண்டது. இச்சிறு கண்பரிமாற்றமே வீதிகளில் அமைதியைக் காக்கின்றது. பின்னிருந்து ஓடி வருபவரோ இக்குறிப்பைத் தருதற்கு வாய்ப்பில்லாதவர். அவருக்கு நடப்பவரின் முதுகு தெரியும்; நடப்பவருக்கோ அவர் கடந்த பின்னரே அவர் முதுகு தெரியும். கண்ணோட்டம் என்னுஞ் சொல்லைத் தமிழர் இரக்கத்துக்குப் பெயராக வைத்தமையும், வள்ளுவர் அதற்கெனத் தனியதிகாரம் வகுத்தமையும் நினையத்தக்கன. கண் ஓடாத இடத்தில் நல்லெண்ணம் புலப்படுதல் அரிது.

எனவே, கடமையின் பெரும் பங்கு ஓடுபவரையே சாரும். அவர் விரைபவர் என்பதற்காக மாத்திரமன்று. அவரே காண்பவர், அவரே வேளையையும் வழியையும் தேர்பவர் என்பதற்காகவும். அமெரிக்க மலைப்பாதைகளிலே மிதிவண்டியோட்டி நடப்பவருக்கும், அவ்விருவரும் குதிரையேறி வருபவருக்கும் வழிவிடுதல் நெடுநாள் வழக்கு. ஏறுபவருக்கு இறங்குபவர் ஒதுங்கி நிற்பர். பிரித்தானிய வீதியொழுங்கு நூல் 2022 சனவரியிற் திருத்தப்பட்டபோது, மிகுதியான தீங்கு விளைக்கவல்லவருக்கே மிகுதியான பொறுப்பு உண்டு என்பதை முதல் விதிகளுள் ஒன்றாகக் கொண்டது. இவ்வெல்லாவற்றிலும் ஓடும் நூலிழை ஒன்றே.

நடைமுறையில் இது எவ்வாறு அமையும்? அகன்ற பாதையில் இடர் ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு மீற்றர் தொலைவிலேயே ஒருபுறம் சாய்ந்து ஓடத் தொடங்கினால், தம்மைக் கண்டு இவர் விலகுகின்றார் என்பது எதிரே வருபவருக்கு விளங்கும். கடைசி நொடியில் விலகுதல், தூரத்தால் ஒன்றேயாயினும் பண்பால் வேறு. ஒடுங்கிய பாதையிலே ஓட்டத்தை நடையாக்குதல் வேண்டும். அகலம் கிடைக்கும்வரை பின்னே பொறுத்தல் வேண்டும். தம் நேரத்தை விநாடி விநாடியாகக் குறித்து ஓடுவோருக்கு இது கசப்பானது என்பதை அறிவோம். ஆயினும் பொதுப்பாதை பந்தயத் தடமன்று. பின்னிருந்து வருங்கால் குரல் கொடுத்தல் வேண்டும். அதுவும் அருகில் வந்து திடுக்கிடச் செய்யாமல், தொலைவிலிருந்தே இயல்பான குரலிற் கூறுதல் வேண்டும். தம் வரவை அறிவித்தற்குச் செருமுதல் நம்மவரிடையே பழைய வழக்கம். அவ்வாண்டில் அதனினும் தகாத முறை வேறொன்று இருந்திருக்க முடியாது! உமிழ்தலைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. முகக்கவசத்தைப் பொறுத்தவரை, கடும் பயிற்சியின்போது அதனை அணிய வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனமே கூறியிருந்தமையின், கவசமின்றி ஓடியவரைப் பழித்தல் முறையன்று. கவசம் இல்லாத இடத்தில் இடைவெளியே கவசம் என்பதை ஓடுபவரும் மறத்தலாகாது.

நடப்போரும் கடமையின் நீங்கியவரல்லர். நால்வர் பாதை முழுதும் நிரைந்து நடந்துகொண்டு, ஓடுபவர் தம்மிடையே புகுந்தார் எனக் குறைகூறல் நேர்மையாகாது. இரு காதுகளிலும் இசைக்கருவியைச் செருகியவருக்கு எவரது குரலும் கேளாது. நாயின் கயிறு பாதைக்குக் குறுக்கே நீண்டு கிடப்பின் 2 மீற்றர் விதி காலில் தடுக்கும் விதியாகும். அஞ்சி விலகுபவர் பின்னே பாராது வாகனங்கள் செல்லும் வீதியில் இறங்குவது, மிகச்சிறிய இடருக்கு அஞ்சி மிகப்பெரிய இடரிற் பாய்வதாகும். ஓடுபவர் ஒதுங்கிப் புல்லிலோ சேற்றிலோ கால்வைக்கும்போது, சற்றே தலையசைத்தால் அவருக்கு அது போதும். அத்தலையசைப்புக் கிடையாமையே பல ஓட்டக்காரரைப் பிடிவாதக்காரராக்கியது என்பது எமது கருத்து.

இவற்றையெல்லாம் மக்கள் பொறுப்பில் விடாமற் சட்டத்தால் தீர்க்க முயன்ற நாடுகளும் உள. பாரிசு நகரிலே 2020 ஏப்பிரல் 8 முதல், காலை 10 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையே வெளியில் ஓடுதல் தடைசெய்யப்பட்டது. ஸ்பெயினிலே ஏழு வாரம் வளர்ந்தோர் எவரும் பயிற்சிக்காக வெளியே வரலாகாது என்றிருந்து, மே 2ஆந் திகதி கதவு திறந்தபோது நாளே கூறிடப்பட்டது: வளர்ந்தோர் ஓடவும் நடக்கவும் காலை 6 முதல் 10 வரையும் இரவு 8 முதல் 11 வரையும், எழுபதைக் கடந்தோருக்குக் காலை 10 முதல் 12 வரையும் மாலை 7 முதல் 8 வரையும், குழந்தைகளுக்கு இடைப்பட்ட வேளை. முதியோரை விரைந்தோடும் இளைஞரிடமிருந்து காக்கும் நோக்கம் இதிற் தெளிவு. எனினும் ஒரே நகரத்தின் ஓட்டக்காரரனைவரையும் சில மணி நேரத்துள் அடைத்தால் அம்மணி நேரம் நெரிசலாகும் என்பது கணக்கறிந்தவர்க்குத் தெரியும். மேலும், கடிகாரம் பிரித்துவைத்த மக்கள் ஒருவருக்கொருவர் விலகக் கற்பதில்லை. அவர்கள் விலக்கப்பட்டவர் ஆகின்றனர்.

விலக்கப்படுதல் என்னுஞ் சொல் தமிழ்ச் செவிக்கு வேறொரு நினைவையும் தரும். அதனை ஈண்டுக் கூறாது விடுதல் நேர்மையாகாது. நம் சமூகங்களிலே பாதையில் ஒதுங்குதல் நெடுங்காலம் தாழ்த்தப்பட்டோர்மேற் சுமத்தப்பட்ட கட்டளையாக இருந்தது. இத்தனை அடிக்கு அப்பால் நில் என்னும் அளவுகளும் இருந்தன. கோயிலைச் சூழ்ந்த வீதியில் நடத்தற்கே உரிமை கோரி 1924இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் இருபது மாதம் நடைபெற வேண்டியிருந்தது. நம் நாட்டு வரலாறும் இவ்விழுக்கிற்குப் புறம்பன்று. எனவே, ஒருவர் நம்மைக் கண்டு அப்பாற் செல்லும்போது நெஞ்சு சுருங்குதல் நமக்குப் புதிதன்று. அவ்விலகலுக்கும் நோய்க்காலத்து விலகலுக்கும் அளவு ஒன்றாயிருத்தல் கூடும். அடிகள் எத்தனையென எண்ணி அவற்றை வேறுபடுத்த இயலாது. எப்போதும் ஒருவரே ஒதுங்க மற்றவர் நடுவே செல்வாராயின் அது விலக்கு. இன்று நீ, நாளை நான் என்று இருவரும் மாறி மாறி ஒதுங்குவராயின் அது விலகல். 2020ஆம் ஆண்டு இங்கிலாந்திலே எழுந்த கசப்பின் பெரும்பகுதி இந்த மாற்று நிகழாமையால் எழுந்ததே. எப்போதும் முதியவரும், குழந்தை வண்டியைத் தள்ளிச் சென்ற தாயுமே சேற்றில் இறங்க நேர்ந்தபோது, அவர்கள் இழந்தது பாதையின் நடுவிடத்தை மட்டுமன்று.

இரண்டு மீற்றர் விதி இங்கிலாந்தில் 2020 யூலை 4ஆந் திகதி தளர்ந்தது. சனிக்கிழமைக் காலையோட்டம் 2021 யூலை 24இல் மீண்டது. 2022இன் வீதியொழுங்கு நூல் ஓடுபவரையும் நடப்பவரையும் வேறுபடுத்தாது பாதசாரி என்னும் ஒரே பெயராற் சுட்டுவதால், அவ்விருவரிடையே எழும் வழக்குக்கு அதில் விடையில்லை. கால்வாய்க் கரைகளில் நடப்பவருக்கே முதலிடம் என்பது அறநிலையத்தின் நெறி. மிதிவண்டியோட்டி மணியை இருமுறை ஒலித்தல் இலண்டனில் முன்னரே அறிவுறுத்தப்பட்டது. ஓடுபவரிடம் மணியில்லை. வளைந்த பாலத்தின் கீழ்ப் பாதை ஒடுங்கி எதிர்ப்புறம் மறையும் இடத்திலே யார் நிற்பது, யார் கடப்பது என்பதை இன்றும் அங்கு எதிர்ப்படும் இருவரே தம்முள் முடிவு செய்துகொள்கின்றனர்.